எழும்பாத முப்பத்திரண்டாவது தூண்

அத்தியாயம் ஆறு

"அன்ரி, அந்தப் போத்தல நீங்க எறிஞ்ச நாளில இருந்து இது மூண்டாவது டயர்."

காற்று இறங்கத் தொடங்கியிருந்த ஓட்டோவின் பின்சக்கரத்தை ஓர் உதை உதைத்துவிட்டு றோய் சொன்னான்.

"அது வெறும் போத்தல், றோய்."

"ஆயித்தியமலை மாதாட தீர்த்தம் இருந்த போத்தல்."

"இருந்த. இப்ப ஒரு துளியும் இல்ல. ஒண்டுமில்லாத சாமானக் கட்டித் தொங்கவிட்டா அதுக்குப் பேர் குப்பை."

"அப்ப என்ட மண்டையையும் ஒரு நாள் கழட்டி எறியப்போறீங்க."

மார்கிறட் சிரிக்கவில்லை. ஓட்டோவின் ஆசனத்தில் ஒட்டியிருந்த பிஸ்கட் துகளை விரலால் தட்டிவிட்டு இறங்கினார். மாவட்டச் செயலகமான கச்சேரியின் புள்ளிவிபரப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகான இந்த ஆறு மாதத்தில், தொலைந்த ஆட்கள், தொலைந்த தோணிகள், இரண்டு முகாம்களில் ஒரே நேரத்தில் இருந்த குடும்பங்கள் என்று எதையும் பட்டியலுக்குள் புகுந்தே கண்டுபிடித்துக் கொடுத்ததில், மட்டக்களப்பில் அவருக்குத் 'துப்பு மிஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. றோய் அவருடைய சாரதி, உதவியாளன். அவர் சொல்லாமல் விடுவதையெல்லாம் சொல்லும் வாயும் அவன்தான்.

வாவிக்கரையில் இருந்த அலைக்கரை நிவாரண நிலையத்தின் வாசலிலேயே பொறுப்பாளர் திவாகரன் நின்றான். கச்சான் காற்றில் அவனுடைய கழுத்துப்பட்டி தோளில் ஏறிக் கிடந்தது.

"மிஸ், நேரமில்ல. பன்னிரண்டு மணிக்கு லெட்டர் போகுது."

"என்ன லெட்டர்?"

"கதிரவெளிக் கோயிலடி முகாம். அறுபத்திநாலு குடும்பம். நாலாம் திகதி பதிஞ்சது, இண்டைக்குப் பதினஞ்சு. பதினொரு நாளா எங்கட தண்ணிப் பவுசர் அங்க ஒரு சொட்டும் ஊத்தல்ல. உப்புக் கிணத்துத் தண்ணியக் குடிச்சு மூண்டு புள்ளைகள் வாழைச்சேனை ஆஸ்பத்திரியில. நேத்துப் பின்னேரம்தான் எங்களுக்கே தெரியும். முகாம்காரர் பிழை விட்டது ஆரெண்டு ஒரு பேர் கேக்கிறாங்க."

"ஆர்ட பேர்?"

திவாகரன் உள்ளே கைகாட்டினான். கணினி மேசைக்குப் பக்கத்தில் கஜானி உட்கார்ந்திருந்தாள். வெல்லாவெளிப் பிள்ளை, வயது இருபத்திரண்டு. வருடத் தொடக்கத்தில் மார்கிறட்டின் கணினி வகுப்பில் முதல் வரிசையில் இருந்து, அவர் சொன்னதையெல்லாம் எழுத்துப் பிசகாமல் கொப்பியில் எழுதியவள்.

"முகாம் பட்டியல் முழுக்க இவட கையில. 'வேண்டுமென்றே மறைத்தார்' எண்டு எழுதியிருக்கன்."

றோய் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினான். "அப்பிடி ஒரு பேர் மாங்கேணிச் சாவடியத் தாண்டினா மறுகா அத ஆமி, இயக்கம் ரெண்டு பக்கமும் வாசிக்கும், சேர். ஒரு பக்கம் ஏன் மறைச்ச எண்டு கேக்கும். மத்தப் பக்கம் ஆருக்காக எண்டு கேக்கும்."

"எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே மிஸ்ஸக் கூப்பிட்ட. வேற ஆள் எண்டா பன்னிரண்டுக்கு முதல் சொல்லுங்க."

கஜானி எழுந்து நின்றாள். "மிஸ், நான்தான் பிழை. நான் அந்த..."

"அழுகிறத மறுகா வச்சுக்கொள். முதல்ல சாட்சியப் பாப்பம்," என்று மார்கிறட் கதிரையை இழுத்துப் போட்டார்.

சாட்சி சுவரில் இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அச்சிட்டு ஒட்டப்படும் வரைபடம். அடியில் வரிசையாக முகாம்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயரின் மேலும் ஒரு தூண். தூண் உயர்ந்தால் தண்ணீர் கூடுதலாகத் தேவை. பவுசர்க்காரர் பட்டியலைப் படிப்பதில்லை. தூணைத்தான் பார்ப்பார்கள். சுவரில் முப்பத்தொரு தூண்கள் நின்றன. கோயிலடி இல்லை.

கணினியில் பட்டியலைத் திறந்தார். முதல் வரி தலைப்பு. அதன் கீழே முகாம்கள். முப்பத்துமூன்றாம் வரியில் 'கதிரவெளிக் கோயிலடி, குடும்பம் 64' என்று ஒழுங்காக இருந்தது. திகதியும் நாலாம் திகதிதான்.

"மறைக்கிறவள் எழுதி வைப்பாளா?"

"எழுதிப்போட்டுக் கிறாப்பில இருந்து மட்டும் எடுத்திருக்கலாமே," என்றான் திவாகரன்.

மார்கிறட் வரைபடத்தின் மேல் ஒருமுறை சொடுக்கினார். அது எந்த வரிகளைப் பார்த்து வரையப்படுகிறதோ, அந்த வரிகளைச் சுற்றி ஒரு நீலக் கோடு விழுந்தது. முதல் முகாமில் தொடங்கிய கோடு முப்பத்திரண்டாம் வரியோடு நின்றுவிட்டது. கோயிலடி கோட்டுக்கு ஒரு வரி வெளியே.

"கஜானி, ஜனவரியில எத்தின முகாம்?"

"பன்னிரண்டு, மிஸ்."

"பதின்மூண்டாவது வரக்குள்ள கிறாப்ப நீ திரும்பக் கீறினயா?"

"இல்ல மிஸ். பேரப் பதிஞ்சா தூண் தானா எழும்பும். அப்பிடித்தான் முப்பத்தொண்டு வரைக்கும் வந்தது."

"தானா எழும்ப அது என்ன, புத்தா?" என்றான் றோய்.

"புத்துமில்ல, தானாவுமில்ல. நான் படிப்பிச்ச முறையில அது எழும்பவே கூடாது." மார்கிறட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முதல் வரியில இருந்து கடைசி வரி மட்டும் இழுத்துக் காட்டுறம். அதுதான் வேலி. கடைசி வரிக்குக் கீழ புதுசா எழுதினா அது வேலிக்கு வெளிய. கிறாப்புக்குத் தெரியாது. கோயிலடிக்கு நடந்தது ஆச்சரியமில்ல. மத்தப் பத்தொன்பது முகாமும் எப்பிடி வேலிக்குள்ள வந்ததெண்டுதான் ஆச்சரியம்."

"அன்ரி, களவு போன வீட்ட விட்டுட்டு களவு போகாத வீட்ட விசாரிக்கப் போறீங்க."

"ஓம். பழைய கிறாப்பெல்லாம் எங்க?"

"புதுசு ஒட்டக்குள்ள பழசக் கிழிச்சுப் போடுற," என்றான் திவாகரன். "சுவர் துப்புரவா இருக்கோணும் எண்டு நீங்கதானே மிஸ் சொன்ன."

கஜானி மெல்லச் சொன்னாள்: "பவுசர் ஓட்டுற பாறூக் நானா எடுத்துக்கொண்டு போறவர். பின்பக்கம் வெள்ளை எண்டு. மிஸ், நான் சொல்ல வந்தது..."

"வந்து கேக்கிறன் புள்ள," என்று மார்கிறட் வாசலைத் தாண்டிவிட்டார்.

*

கல்லடியில் தண்ணீர்த் தாங்கியின் அடியில் பவுசர் நிரம்பிக்கொண்டிருந்தது. பாறூக் குழாயைப் பிடித்தபடி நின்றார். இரவு தூங்காத கண்கள்.

"கோயிலடிக்குத்தான் மிஸ். இது நிரம்பினதும் போறன். பதினொரு நாள் பிந்திப் போறன்."

"நீங்க அந்தப் பாதையால ஒவ்வொரு நாளும் போறதானே நானா?" என்றான் றோய்.

"போறன். பள்ளிக்கூட முகாமுக்கு ஊத்திட்டு வரக்குள்ள கோயிலடியில புதுக் கூடாரம் தெரிஞ்சது. குடத்தோட ஆக்கள் ரோட்டுக்கு வந்து கையக் காட்டினாங்க." பாறூக் குழாயையே பார்த்துக்கொண்டு பேசினார். "பேப்பரில தூண் இல்ல. வேற ஆக்கள் குடுக்கிறாங்களாக்கும் எண்டு நினைச்சிட்டன். நிப்பாட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நிப்பாட்டல்ல."

மார்கிறட் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"பழைய பேப்பர் இருக்கா பாறூக்?"

அவர் சாரதி ஆசனத்துக்கடியில் இருந்து ஒரு சுருளை எடுத்தார். விரித்ததும் முதலில் தெரிந்தது ஒரு தோணியும் இரண்டு மீன்களும் பெரிய சூரியனும். "மகள்ட படம். மறுபக்கம் திருப்புங்க."

மார்கிறட் இரண்டு தாள்களைப் பவுசரின் மட்காட்டில் பக்கம்பக்கமாக விரித்தார். ஒன்று மே இருபத்துமூன்று. மற்றது மே முப்பது. றோய் காற்றில் பறக்காமல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றினான்.

"இதில முப்பத்தொரு தூண். அதிலயும் முப்பத்தொரு தூண். அன்ரி, ரெட்டைப் புள்ளைகள்."

"தூண எண்ணாத. பேர எண்ணு."

எண்ணினான். மறுபடி எண்ணினான். "முப்பதாம் திகதியில பேர் முப்பத்தொண்டு. இருபத்திமூண்டில முப்பத்திரண்டு. கடைசியில ஒரு பேருக்குத் தலைக்கு மேல தூணே இல்ல. என்ன பேர் இது... 'பொலி'."

"அதப் பத்தி நான் அந்தப் புள்ளயட்டக் கேட்டன்," என்றார் பாறூக். "'பொலி எண்டு ஒரு முகாம் எங்ககா கிடக்கு? ஒருத்தருக்கும் தண்ணி விடாய்க்காத ஊரா?' எண்டு. சிரிச்சிட்டு, 'அது எங்கட களத்துச் சொல்லு நானா' எண்டிச்சு."

றோய் தலையில் அடித்துக்கொண்டான். "ஓம்! வெல்லாவெளிப் பக்கம் சூடடிச்சு நெல்லு அளக்கக்குள்ள 'முடிஞ்சுது' எண்டு வாய் திறக்கமாட்டாங்க அன்ரி. கடைசி மரைக்காலுக்கும் 'பொலி' எண்டுவாங்க. இன்னும் வரட்டும் எண்டு. அந்தப் புள்ள பட்டியலையும் முடிய விடாம அடியில பொலியப் போட்டு வச்சிருக்கு!"

மார்கிறட் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கோ கண்ட சொல். எங்கே என்று மனம் தேடிய இடத்தில் கால் வைக்க அவருக்கு விருப்பமில்லை. தாள்களைச் சுருட்டினார்.

"வா, போவம்."

ஓட்டோ கல்லடிப் பாலத்தில் ஏறியது.

"சொல்லுங்க அன்ரி, பொலிக்கும் தூணுக்கும் என்ன சொந்தம்?"

"பொலிதான் வேலிட கடைசிக் கட்டை. புதுசா ஒரு முகாம் வந்தா கஜானி என்ன செய்வா? பொலி எப்பவும் கடைசியில நிக்கோணும். அதால அதுக்கு மேல ஒரு வரியப் புகுத்தி எழுதுவா. வேலிக்குள்ள வரி புகுந்தா வேலி தானா விரியும். தூண் எழும்பும். ஏனெண்டு அவளுக்கே தெரியாது. ராசிக்கு வச்ச சொல்லு அஞ்சு மாசமா வேலை செஞ்சிருக்கு."

"கட்டையப் புடுங்கினா?"

"வேலி ஒரு வரி சுருங்கும். அடுத்த முகாம அவள் கடைசியில எழுதுவா. அது வெளிய நிக்கும்."

"அப்ப எங்களுக்கு வேண்டியது பொலியக் கொண்ட ஆள்." றோய் உற்சாகமாக ஹோர்னை அடித்தான். "இருபத்திமூண்டுக்கும் முப்பதுக்கும் இடையில. திவாகரன் சேருக்குக் கொம்பியூட்டர்ல சீட்டுக்கட்டு விளையாட மட்டும்தான் தெரியும். பாறூக் நானாவுக்கு அதுவும் தெரியா. நாட்டில இவ்வளவு கெட்டிக்காரக் கொலைகாரர் ஆர் மிச்சம்?"

வழக்கமாக இந்த இடத்தில் மார்கிறட் அவனை அதட்டுவார். இன்று வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

*

பதினொன்று இருபது. திவாகரனின் மேசையில் கடிதம் உறைக்குள் போகத் தயாராக இருந்தது.

"கஜானி, பொலிய எடுத்தது ஆர்?"

அவள் முகம் வெளுத்தது. "தெரியா மிஸ்."

"நீ எங்க இருந்த?"

"இருபத்தாறாம் திகதி வீட்ட போனன். மாமா செத்த முப்பத்தொராம் நாள் சடங்கு. திங்கக்கிழமை வந்து பாக்கக்குள்ள பொலி இல்ல."

"ஏன் திரும்பப் போடல்ல?"

கஜானியின் கண் விசைப்பலகையில் போய் விழுந்து, பட்டென்று விலகியது. மார்கிறட்டும் அங்கே பார்த்தார். எழுத்துகளுக்கிடையில் பாண் துகள். இதைக் கண்டால் அவருக்குக் கை நிற்காது. விசைப்பலகையைத் தூக்கிக் கவிழ்த்துத் தட்டினார்.

அதனடியில் இருந்து நாலாக மடித்த ஒரு துண்டு விழுந்தது.

"மிஸ், அது வேண்டாம்..." என்று கஜானி கையை நீட்டினாள்.

மார்கிறட் பிரித்தார். நீல மை. சற்றே வலப்பக்கம் சாய்ந்த, கோடு போட்டதுபோல நேரான எழுத்து.

'கஜானி, ஆளில்லாத வரிகள் பட்டியலில் வேண்டாம். அழித்துவிட்டேன். அறிக்கை துப்புரவாக இருக்கட்டும். – மா. 27/5'

றோய் தோளுக்கு மேலால் வாசித்தான். போகவேண்டிய இடங்களை ஒவ்வொரு நாளும் அவனுக்கு எழுதிக் கொடுப்பது இதே எழுத்துத்தான். அவன் ஓர் அடி பின்வாங்கினான்.

இருபத்தேழாம் திகதி, வெள்ளிக்கிழமை. மழை இருட்டு. வேறு இரண்டு அலுவலகங்களின் பட்டியல்களைத் துப்புரவாக்கிவிட்டு வந்த மார்கிறட்டின் கை. 'பொலி, குடும்பம் 0.' என்ன குப்பை இது என்று ஒரு விசை. அவ்வளவுதான். ஒரு விநாடிகூட ஆகியிருக்காது.

"என்னெண்டு இத நீ சொல்லாம இருந்த?"

"மிஸ்ட எழுத்து. பத்திரமா வச்சிருந்தன்." கஜானி இப்போது அழுதாள். "மிஸ் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் எண்டு திரும்பப் போடல்ல. ஆனா மனசுக்குச் சரியில்ல. பொலிய விட்டுக்குடுத்தன், அதாலதான் அந்தச் சனத்துக்குத் தண்ணி போகல்ல எண்டு... காலம சொல்ல வந்தன். இப்பிடிச் சொன்னா மிஸ் சிரிப்பீங்க எண்டும் நினைச்சன்."

"ரெண்டு தரம் சொல்ல வந்தாய். ரெண்டு தரமும் நான் கேக்கல்ல."

திவாகரன் தொண்டையைச் செருமினான். "மிஸ், நீங்க சம்பளமில்லாம வந்து உதவி செய்யிற ஆள். இத இப்பிடியே விடுவம். கொம்பியூட்டர் பிழை எண்டு எழுதிருவம். ஒருத்தருக்கும் கரைச்சலில்ல."

அந்த வாக்கியம் எவ்வளவு வசதியாக இருந்தது என்பது மார்கிறட்டுக்கே வெட்கமாக இருந்தது. ஒரு மூச்சு நேரம் அதற்குள் போய் நின்று பார்த்தார். வெளியே வந்தார்.

"கொம்பியூட்டருக்குக் கதிரவெளிக்குப் போய் முகத்தக் காட்டத் தெரியாது, திவாகரன். பேனையத் தா."

கடிதத்தில் கஜானியின் பெயரை வெட்டினார். 'வேண்டுமென்றே மறைத்தார்' என்பதையும் வெட்டினார். மேலே எழுதினார்: 'விளங்காத ஒரு வரியை, விளக்கம் கேட்காமல் அழித்தது நான்.'

"பேர் போனா ரெண்டு பக்கமும் உங்களத் தேடி வரும் மிஸ்."

"தேடி அலையத் தேவையில்ல. விலாசமும் எழுதியிருக்கன்."

பிறகு கணினிக்கு முன் உட்கார்ந்தார். இல்லை, எழுந்து கஜானியை உட்காரவைத்தார். "கோயிலடிக்குக் கீழ பொலியப் போடு. இப்ப கிறாப்பச் சொடுக்கு. அந்த நீலக் கோட்ட மூலையில புடிச்சுப் பொலி வரைக்கும் இழு."

கஜானி இழுத்தாள். திரையின் வலது ஓரத்தில் ஒரு தூண் எழும்பியது. எழும்பிக்கொண்டே போய், மற்ற எல்லாத் தூண்களையும் தாண்டி நின்றது. அறுபத்துநாலு குடும்பம். இருந்த முகாம்களிலேயே பெரியது அதுதான்.

அறையில் இருந்த நாலு பேரும் அதை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வரிகள எண்ணித் தானா விரியிற சூத்திரம் ஒண்டும் இருக்கு," என்றார் மார்கிறட். "புள்ளைகளுக்குக் கஷ்டம் எண்டு வகுப்பில விட்டுட்டன். நாளைக்குச் சொல்லித் தாறன். பொலியும் இருக்கட்டும்."

*

போகும் வழியில் நிலையத்தில் அவர்களை ஏற்றிக்கொண்ட பவுசரின் முன் ஆசனத்தில் பாறூக், மார்கிறட், கஜானி, றோய். காற்று முழுதும் போன ஓட்டோ நிலையத்தின் வாசலில் கிடந்தது. மாங்கேணிச் சாவடியில் ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். கதிரவெளிக்குப் போய்ச் சேரும்போது நாலு மணி.

கோயிலடியில் குடங்கள் ஏற்கெனவே வரிசையில் இருந்தன. பதினொரு நாளாக அவற்றை யாரும் எடுக்கவில்லைபோல. முன்னால் நின்ற பெண்ணின் பெயர் நிருஷா. இரண்டாவது மகள் வாழைச்சேனையில் சேலைன் ஏறிக் கிடக்கிறாள் என்று வரிசையில் நின்ற ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

மார்கிறட் அவள் முன் போய் நின்றார். "தங்கச்சி, நான் ஒரு விசயம் சொல்லோணும். உங்கட முகாம..."

"மறுகா சொல்லுங்க. இப்ப குடத்தப் புடிங்க."

பிடித்தார். ஒரு குடம். அடுத்தது. சாரி முழங்கால்வரை நனைந்தது. றோய் தூக்கி வைக்க, கஜானி பெயர் எழுத, ஒவ்வொரு குடத்துக்கும் சொல்ல வாயெடுத்தார். ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. அறுபத்துநாலு குடும்பமும் குடம் நிரப்பிப் போன பிறகு, நிருஷா தன் இரண்டாவது குடத்தோடு வந்தாள்.

"இப்ப சொல்லுங்க."

மார்கிறட் சொன்னார். எழுத்தையும், விசையையும், அந்த வெள்ளிக்கிழமையையும். குறைக்கவில்லை. நிருஷா இடுப்பில் குடத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினொரு நாள்," என்று மார்கிறட் முடித்தார்.

"எத்தின நாளெண்டு எங்களுக்குத் தெரியும்." அவள் குரல் உயரவில்லை. "நாளைக்கும் தண்ணி வருமா?"

"வரும்."

"வந்தாப் பாப்பம்."

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். குடத்தில் இருந்து சிந்திய தண்ணீர் மணலில் ஒரு நேர்கோடாகப் போனது. பாறூக் குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

றோய் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். மத்தியானத்தில் இருந்து அடக்கி வைத்திருந்த வாய்.

"முடிஞ்சுதா அன்ரி?"

மார்கிறட் கஜானியைப் பார்த்தார். கஜானி பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சொல்லச் சொல்லாத, றோய்."